படிக்கப் போன பெண்ணும் பரிகாசமும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நமக்கு முன் பேசிய தோழர்கள் பெண் கல்வி அடைந்திருக்கும் முன்னேற்றத்தைப் பற்றி வெகு சந்தோஷமாகப் பேசினார்கள். அந்தச் சந்தோஷத்தில் நமக்கும் பங்குண்டு. 2021-22ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி இந்தியா முழுவதிலும் உயர்தரப் படிப்புப் படிப்பவர்கள் 4 கோடியே 33 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் 2 கோடியே 7 லட்சம் பேர். நம் தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்து மேல்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு, 2022 முதல் மாதம் 1000 ரூபாய் வீதம் சர்க்காரே கொடுத்து வருகிறது. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட வாய்கள் இன்று, பெண்ணுக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும் என்று கேட்கின்றன. இது சாமானியமான மாறுதல் அல்ல.

நிற்க. நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட சங்கதி அவ்வளவு பெரியதல்ல. சிரிப்பைப் பற்றித்தான் பேசப் போகிறோம். காலேஜுகளிலும் சர்வகலாசாலைகளிலும் படிக்கப் போன பெண்களை வைத்துச் சிரிக்கிற சிரிப்பைப் பற்றிப் பேசப் போகிறோம். "அட, இதற்கா ஒரு கூட்டம்?" என்று உங்களில் சிலர் இப்போதே புன்சிரிப்புச் சிரிப்பது நமக்குத் தெரிகிறது. அந்தப் புன்சிரிப்பும் நம் பேச்சில் அடங்கியதே.

டம்ளர் சத்தம்

சில வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். நமக்குப் பழக்கமான ஒரு குடியானவர், குத்தகை நிலம் உழுகிறவர், தம் மூத்த பெண்ணை ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சேர்த்தார். அந்த வம்சத்திலேயே காலேஜ் வாசற்படியை மிதித்த முதல் ஆள் அந்தப் பெண்தான். அவள் எடுத்துக்கொண்டதோ மெக்கானிகல் பிரிவு. ஏன் அம்மா அதை எடுத்தாய் என்று கேட்டோம். "நம் ஊரில் டிராக்டர் நின்றுபோனால் டவுனிலிருந்து மெக்கானிக் வர மூன்று நாள் காத்துக் கிடக்கிறோம், ஐயா. அதை நானே பார்க்கக் கூடாதா?" என்றாள். அறுபது பேர் வகுப்பில் பெண்கள் நான்கு பேர்.

மூன்று மாதம் கழித்து அவள் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். கேட்டதற்கு வயிற்றுவலி என்றாள். தகப்பனார் நம்மிடம் வந்து, "எனக்குப் பிடிபடவில்லை ஐயா, நீங்களாவது கேட்டுப் பாருங்கள்" என்றார். நாம் போய்க் கேட்டோம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்.

பட்டறை வகுப்பில் ஒரு நட்டு இறுகிப்போய்க் கழலவில்லையாம். இவள் ஸ்பேனரைப் பிடித்துத் திணறியிருக்கிறாள். உபாத்தியாயர் வந்து, "ஏம்மா, உனக்கெதற்கு இந்த ஸ்பேனர்? கரண்டியைப் பிடி, கைக்கு அழகாயிருக்கும்" என்றாராம். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாளாம். சிரிக்காவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்களே என்று பயந்து சிரித்தாளாம்.

மறுநாள் முதல் அவள் பெயர் "கரண்டி." அதற்கடுத்த வாரம் அவள் சாப்பாட்டு ஹாலுக்குள் நுழைந்ததும் ஒரு பையன் கரண்டியை எடுத்து டம்ளரில் தட்டினான். பிறகு பத்துப் பேர் தட்டினார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் அவள் நுழைந்து தட்டை எடுத்து உட்காரும் வரையில் அந்தச் சத்தம். ஒருவனும் வாயைத் திறப்பதில்லை. மூன்றாம் மாதம், மாணவர்கள் செல்போனில் வைத்திருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அவள் படத்தையும் ஒரு கரண்டிப் படத்தையும் ஒட்டி, கீழே நாம் இந்த மேடையில் சொல்லக் கூசுகிற வாசகத்தை எழுதிப் போட்டார்கள். அதற்குச் சிரிப்பு முகம் போட்டவர்கள் முப்பது பேருக்கு மேல்.

இவள் ஒரு பெண் உபாத்தியாயரிடம் போய்ச் சொல்லப் பார்த்திருக்கிறாள். படத்தைக் காட்ட வெட்கம். ஆகவே டம்ளர் சங்கதியை மட்டும் சொன்னாள். "அவர்கள் உன்னை என்ன சொன்னார்கள்?" என்று அந்த அம்மாள் கேட்டார். "ஒன்றும் சொல்லவில்லை மேடம், டம்ளரைத்தான் தட்டினார்கள்." "டம்ளரைத் தட்டினதற்கா புகார்?" என்று கேட்டு அந்த அம்மாளும் சிரித்தார். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

இதைக் கேட்ட தகப்பனார் முதலில், "சிரித்தார்களா? அதற்கா படிப்பை விட்டுவிட்டு வந்தாய்?" என்றார். சற்று நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்துவிட்டு, "வேண்டாம் அம்மா, நீ வீட்டிலேயே மானமாய் இரு" என்றார். நாம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். பிரயோஜனமில்லை. அந்தப் பெண் இப்போது ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறாள். அங்கே மிஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

தோழர்களே! அந்தத் தகப்பனார் சொன்ன இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். சிரித்தது ஒன்றுமில்லை என்பது முதல் வாக்கியம். சிரித்ததனால் மானம் போய்விட்டது என்பது இரண்டாம் வாக்கியம். ஒன்றுமில்லாத காரியத்தால் மானம் எப்படிப் போகும்? மானம் போகிற காரியம் எப்படி ஒன்றுமில்லாததாகும்? நாம் அவரைக் குறை கூறவில்லை. நம் சமூகம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே வாயால்தான் பேசிக்கொண்டிருக்கிறது. முதல் வாக்கியத்தால் பையன்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் வாக்கியத்தால் பெண் வீட்டுக்குள் போகிறாள்.

விளையாட்டா?

"விளையாட்டுக்குச் செய்தார்கள்" என்று சொல்லுகிறவர்களைக் கேட்கிறோம். விளையாட்டு என்றால் இரண்டு பக்கமும் ஆட வேண்டாமா? ஆட இஷ்டமில்லாதவர் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டாமா? ஒரு பக்கத்தார் அறுபது பேரும் மறுபக்கத்தார் ஒரே ஆளுமாக இருந்துகொண்டு, அந்த ஒரே ஆள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நடத்தப்படுகிற காரியத்திற்கு விளையாட்டு என்று பெயர் வைத்தவர் யார்? ஆடினவர்களே பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

இதை நீங்கள் சுலபமாகத் தெரிந்துகொள்ளலாம். ஏனென்றால் இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் சிரிக்கப்பட்ட ஜாதிகளில் பிறந்தவர்கள். நம் பாட்டன் காலில் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது திண்ணையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். சட்டை போட்டபோது சிரித்தார்கள். குடை பிடித்தபோது சிரித்தார்கள். நம் பிள்ளை இங்கிலீஷ் படித்தபோது அவன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை யாராவது விளையாட்டு என்று எண்ணினோமா? "உன் இடம் இதுவல்ல, பழைய இடத்துக்குத் திரும்பிப் போ" என்கிற உத்தரவு அது என்று, எழுத்து வாசனை இல்லாத நம் பாட்டனுக்கே விளங்கிற்று. அடித்துத் துரத்தினால் கேஸ் வரும். சிரித்துத் துரத்தினால் கேஸ் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்பேனரை விட்டுவிட்டுக் கரண்டியைப் பிடி என்பதும் அதே உத்தரவுதான். திண்ணை மாறி வகுப்பறை ஆயிற்று. சிரித்தவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதுதான் நமக்குத் துக்கமாயிருக்கிறது. நேற்று வரையில் சிரிக்கப்பட்டவன் பிள்ளை இன்று டம்ளரைத் தட்டுகிறான் என்றால், அவன் படித்த படிப்புக்கு யோக்கியதை என்ன?

பழைய சரித்திரம்

இது நம் நாட்டுப் பையன்கள் மாத்திரம் கண்டுபிடித்த வித்தையல்ல. நாகரிகத்திற்குப் பேர்போன சீமையிலேயே இது நடந்திருக்கிறது.

ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ சர்வகலாசாலையில் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்னும் அம்மையாரும் அவருடைய தோழிகளுமாக ஏழு பெண்கள் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார்கள். 1870ஆம் வருஷம் நவம்பர் 18ந் தேதி இந்தப் பெண்கள் உடற்கூறு பரீட்சை எழுதப் போனபோது நூற்றுக்கணக்கான பேர் கூடி வழியை மறித்துச் சேற்றை வாரி அடித்தார்கள். வாசற்கதவை முகத்தில் அறைந்து சாத்தினார்கள். உள்ளே போய்ப் பரீட்சை எழுத உட்கார்ந்தபின், ஒரு ஆட்டைப் பிடித்து அந்த அறைக்குள் தள்ளிவிட்டார்கள். அதுவும் ஹாஸ்யம்தான்! அந்த ஆடு அங்கேயே இருக்கட்டும், அதை அனுப்பினவர்களைவிட அதற்குப் புத்தி அதிகம் என்று அங்கிருந்த ஆசிரியர் சொன்னதாகச் சொல்லுவார்கள். அந்தப் பெண்களுக்கு அந்தச் சர்வகலாசாலை பட்டம் கொடுக்கவில்லை. அவர்கள் எல்லோரும் இறந்துபோய் வெகு காலத்திற்குப் பின், 2019ஆம் வருஷத்தில்தான் கௌரவப் பட்டம் கொடுத்துத் தன் பிழையைத் தீர்த்துக்கொண்டது.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று 1897ஆம் வருஷம் மே மாதத்தில் ஓட்டெடுத்தார்கள். அன்றைக்கு மாணவர்கள் சைக்கிள் விடுகிற ஒரு பெண் பொம்மையைச் செய்து வீதியில் உயரக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஓட்டில் பெண்கள் தோற்றதும் பொம்மையைப் பிய்த்து எறிந்து, பெண்கள் படிக்கும் நியூன்ஹாம் காலேஜ் வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் கொண்டாடினார்கள். 1921ஆம் வருஷம் மறுபடியும் அந்த வாசலுக்கு வந்து, கைவண்டியால் மோதிக் கதவைச் சேதப்படுத்தினார்கள். முதலில் பொம்மையை உடைத்தார்கள், அப்புறம் வாசலை உடைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். பெண்களுக்கு ஆண்களைப்போல் முழுப்பட்டம் அங்கே கிடைத்தது 1948ஆம் வருஷத்தில்தான்.

நம் தேசத்தைப் பார்ப்போம். கல்கத்தாவில் 1883ஆம் வருஷம் பட்டம் பெற்ற காதம்பினி கங்கூலி என்னும் அம்மையார் பிறகு டாக்டராகத் தொழில் நடத்தினார். அதைப் பொறுக்காத ஒரு பத்திரிகை 1891ஆம் வருஷத்தில் அவரை விபசாரி என்று பொருள்படும்படி ஜாடையாக எழுதிற்று. அந்த அம்மையார் வீட்டுக்குள் போய் அழுதுகொண்டிருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். பத்திராதிபருக்கு ஆறு மாதம் சிறைவாசம் கிடைத்தது. ஜாடையாக எழுதினாலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான் என்று அந்தக் காலத்துக் கோர்ட்டுக்கே தெரிந்திருந்தது.

நம் சென்னை வைத்தியக் காலேஜில் 1875ஆம் வருஷத்திலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் புதுக்கோட்டை மகாராஜா காலேஜில் முத்துலட்சுமி அம்மையார் சேர்ந்தபோது எழுந்த ஆட்சேபணைகள் கொஞ்சமல்ல. மகாராஜாவின் தயவால் சேர்ந்த அவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தவர்தான் டாக்டராகி, சென்னைச் சட்டசபையின் உப தலைவராகி, தேவதாசி வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டு, 1954ஆம் வருஷத்தில் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் ஏற்படுத்தினார். அன்றைய ஆட்சேபணைக்குப் பயந்து அவரைப் பெற்றவர்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தால் எத்தனை பேர் வாழ்வு போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? பெண் ஒரு புதிய இடத்தில் காலை வைக்கிற ஒவ்வொரு சமயத்திலும் பரிகாசம் அந்த வாசலில் காத்திருக்கிறது. நியாயம் பேசித் தடுக்க முடியாதவர்கள் சிரித்துத் தடுக்கப் பார்க்கிறார்கள்.

பெயரிலேயே மோசடி

இந்தக் காரியத்திற்கு நம் தேசத்தில் வைத்திருந்த பெயரைப் பாருங்கள். "ஈவ் டீசிங்" என்றார்கள். ஈவ் என்பது யார்? கிறிஸ்தவர்கள் கதைப்படி ஆணைப் பழத்தைத் தின்னச் செய்து கெடுத்த முதல் பெண். டீசிங் என்றால் சீண்டி விளையாடுதல். ஆகவே, குற்றம் ஆதியிலேயே பெண் பேரில். ஆண் செய்வதோ வெறும் சீண்டல்! இந்த ஒரு சொல்லுக்குள் கோர்ட்டும் வக்கீலும் தீர்ப்பும் எல்லாம் அடங்கிவிட்டன.

1998ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சென்னையில் ஒரு பெண்கள் காலேஜ் மாணவியிடம், ஆட்டோவில் வந்த வாலிபர் கூட்டம் ஒன்று இப்படி "விளையாடியது." அந்தப் பெண் கீழே விழுந்து தலையில் அடிபட்டுச் சில நாளில் உயிரை விட்டாள். அதன்பேரில்தான் தமிழ்நாட்டுச் சர்க்கார் அதே வருஷத்தில் தனிச்சட்டம் செய்தது. அந்தச் சட்டத்துக்கும் முதலில் "ஈவ் டீசிங்" தடைச் சட்டம் என்றே பெயர்! ஒரு பிணம் விழுந்த பிறகும் சட்டப் புத்தகத்தில் சீண்டல் என்றே எழுதினார்கள். சில வருஷம் சென்ற பின்னரே பெண்களைத் துன்புறுத்துதல் தடைச் சட்டம் என்று பெயரை மாற்றினார்கள். 2025 ஜனவரியில் சட்டசபையில் தண்டனையையும் கூட்டினார்கள். பெயரை மாற்றுவது சின்னக் காரியம் என்று எண்ணாதீர்கள். கொலையை விளையாட்டு என்று சொல்லுகிற தேசத்தில் கொலைகாரன் விளையாட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பான்.

சட்டமும் நடப்பும்

"டம்ளரைத் தட்டினதற்கா புகார்?" என்று அந்தப் பெண் உபாத்தியாயர் கேட்டாரல்லவா? அதற்குப் பதில் சொல்லுகிறோம். ஆம், அதற்கும் புகார் உண்டு. 1860ஆம் வருஷத்தில் வெள்ளைக்காரன் எழுதின பீனல் கோட்டிலேயே, ஒரு பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் எண்ணத்தோடு சொல் சொன்னாலும், சத்தம் செய்தாலும், சைகை காட்டினாலும், ஒரு பொருளை எடுத்துக் காட்டினாலும் குற்றம் என்று 509ஆவது பிரிவில் எழுதியிருந்தது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய சட்டத்தில் அதுவே 79ஆவது பிரிவாக இருக்கிறது. சத்தம் என்கிற வார்த்தை அதில் அப்படியே இருக்கிறது.

அப்புறம், ராஜஸ்தானத்தில் ஒரு குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992ஆம் வருஷத்தில் கொடுமை செய்யப்பட்ட பன்வாரி தேவி என்னும் கிராம ஊழியரின் சங்கதியை ஒட்டி, 1997ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் விசாகா தீர்ப்பைச் சொல்லிற்று. இஷ்டமில்லாத பெண்ணைத் தொடுவது மட்டுமல்ல, ஆபாசம் கலந்த பேச்சும், பேச்சில்லாத செய்கையும்கூடப் பாலியல் துன்புறுத்தலே என்று அது வரையறுத்தது. 2013ஆம் வருஷத்தில் அது பார்லிமெண்டுச் சட்டமாயிற்று. 2015ஆம் வருஷத்தில் சர்வகலாசாலை மானியக் கமிஷன் காலேஜுகளுக்கென்றே தனி விதிகள் செய்தது. அதன்படி ஒவ்வொரு காலேஜிலும் உள்ளக புகார்க் கமிட்டி இருக்க வேண்டும். ஒரு மூத்த பெண் ஆசிரியரே தலைவர். அங்கத்தினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரானால் மாணவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் உண்டு. வெளியிலிருந்தும் ஒருவர் உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும்.

விதி இவ்வளவு நன்றாயிருக்கிறது. நடப்பு என்ன? பல காலேஜுகளில் கமிட்டி என்பது சுவரில் மாட்டின பலகையோடு சரி. புகார் கொண்டுவரும் பெண்ணிடம், "காலேஜ் பேர் கெட்டுப் போகும், உனக்கும் கல்யாணம் ஆக வேண்டாமா?" என்று உபதேசம் செய்கிறார்கள். அதற்கும் மேல், பையன்கள் செய்த குற்றத்துக்குப் பெண்களைச் சிறை வைக்கிறார்கள். பெண்கள் ஹாஸ்டலை ஆறு மணிக்குப் பூட்டு, பெண்கள் லைப்ரரிக்கு இருட்டினபின் போகக் கூடாது, பெண்கள் துப்பட்டா போட வேண்டும் என்று உத்தரவு போடுகிறார்கள். ஊரில் நாய் கடிக்கிறது என்றால் நாயைக் கட்டுவார்களா, நடந்து போகிறவர் காலைக் கட்டுவார்களா? பத்திரம் என்று சாக்குச் சொல்லிப் பெண்கள் ஹாஸ்டலுக்கு மட்டும், ஆண்களுக்கில்லாத கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்று அதே 2015ஆம் வருஷத்து விதிகளில் எழுதியிருக்கிறது. எத்தனை பிரின்சிபால்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள்?

2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பெரிய சர்வகலாசாலைக்குள்ளேயே ஒரு மாணவி பலாத்காரம் செய்யப்பட்டாள். அவள் தைரியமாகப் போலீசுக்குப் புகார் கொடுத்தாள். அந்தப் புகாரைப் பதிவு செய்த காகிதம் அவளுடைய அடையாளத்தோடு ஊரெல்லாம் பரவிற்று. அந்தக் காகிதத்தின் வாசகமே பெண்ணைக் குறை சொல்லும் தோரணையில் இருந்ததென்று ஐகோர்ட் கண்டித்து, அவளுக்கு 25 லட்ச ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் முப்பது வருஷத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண் வாயைத் திறந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

கேலி செய்கிறவனெல்லாம் பலாத்காரம் செய்வான் என்று நாம் சொல்ல வரவில்லை. அது அநியாயப் பேச்சு. நாம் சொல்லுவது வேறு. சின்னச் சங்கதியைச் சொல்லப் போனபோது சிரிக்கப்பட்ட பெண், பெரிய சங்கதி நடந்தபோது யாரிடம் போய்ச் சொல்லுவாள்? டம்ளர் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தவர்களிடமா? அந்தச் சிரிப்புகள் சேர்ந்துதான் பெண்ணின் வாயை அடைக்கின்றன.

சில ஆட்சேபணைகள்

"அப்படியானால் ஹாஸ்யமே கூடாதா? எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சிரியுங்கள். புரொபசரின் கர்வத்தைப் பார்த்துச் சிரியுங்கள். மந்திரியின் பேச்சைக் கேட்டுச் சிரியுங்கள். காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்கும் காலேஜ் முதலாளியைப் பார்த்துச் சிரியுங்கள். மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பதற்குத் தைரியம் வேண்டும். அறுபது பேராகச் சேர்ந்துகொண்டு ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரிக்க என்ன தைரியம் வேண்டியிருக்கிறது?

"பெண்களுந்தான் பையன்களைக் கேலி செய்கிறார்கள்" என்கிறார்கள். செய்யட்டும், அதுவும் தப்பென்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கேலிக்குப் பயந்து எத்தனை பையன்கள் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள்? எத்தனை தகப்பன்மார், "மானமாய் வீட்டில் இரு மகனே" என்று சொன்னார்கள்?

"பெண்களின் உடைதான் காரணம்" என்கிறார்கள். நாம் சொன்ன பெண் பட்டறைக் கோட்டுப் போட்டு, கையில் எண்ணெய்க் கறையோடு நின்றவள். எடின்பரோவில் சேறு பட்ட பெண்கள் கழுத்து முதல் கால் வரை மூடினவர்கள். இதற்கு மேல் நாம் என்ன சொல்ல?

நம் வீட்டுக் குப்பை

தோழர்களே! பிறரைச் சொல்லிக்கொண்டே போவது சுலபம். நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டாமா? காலேஜ் பையன் இந்த வித்தையைக் காலேஜில் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டில் கற்றுக்கொண்டான். பெண் புத்தி பின் புத்தி என்று அவன் தகப்பனார் சொன்னபோது கற்றுக்கொண்டான். பெண் பின்னாலே திரிந்து தொந்தரவு செய்து, கடைசியில் அவளையே காதலியாக அடைகிற கதாநாயகனைச் சினிமாவில் பார்த்துக் கைதட்டியபோது கற்றுக்கொண்டான். பட்டிமன்றத்தில் பெண்சாதியைக் கரித்துப் பேசிக் கைதட்டல் வாங்குகிறவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

பகுத்தறிவு பேசுகிற நம் மேடைகள் மட்டும் சுத்தமா? மூடநம்பிக்கையைக் கண்டிக்க வந்த பிரசாரகர் கூட்டம் தூங்குகிறதென்று கண்டால், உடனே கோவிலுக்குப் போகும் பெண்களை வைத்து இரண்டு கொச்சைப் பேச்சுப் பேசுகிறார். கூட்டம் விழித்துக்கொண்டு சிரிக்கிறது. முன்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அடுத்த கூட்டத்திற்கு அவர்கள் வருவதில்லை. "பெண்களுக்கு நம் கொள்கை புரியவில்லை" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்! நாமும் அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அந்தப் பெண் டம்ளர் சங்கதியைச் சொன்ன அன்றைக்குத்தான், நாம் சிரித்த சிரிப்பெல்லாம் நம் காதில் கேட்டது.

செய்ய வேண்டியது

ஆகவே செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

தகப்பன்மார்களே! தாய்மார்களே! உங்கள் பெண் காலேஜிலிருந்து காரணமில்லாமல் பெட்டியோடு வந்தால், கோபித்துக்கொள்ளாமல் உட்கார வைத்துக் கேளுங்கள். கேட்ட பிறகு வீட்டுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுநாளே காலேஜுக்குப் போங்கள். புகார்க் கமிட்டியின் தலைவர் யாரென்று கேளுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். செல்போனில் வந்த படத்தை வெட்கப்பட்டு அழித்துவிடாமல் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்கம் அனுப்பினவனைச் சேர்ந்தது.

உபாத்தியாயர்களே! முதல் கரண்டி உங்கள் வாயிலிருந்துதான் வந்தது. நீங்கள் ஒரு தடவை சொன்னதை அறுபது பேர் மூன்று மாதம் சொன்னார்கள். மாணவனுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கிற பாடத்தில் பாதி மறந்துபோகும். நீங்கள் சிரித்துக் காட்டுகிற இடம் மறக்காது.

மாணவத் தோழர்களே! உங்களைத்தான் முக்கியமாக வேண்டிக்கொள்கிறோம். அறுபது பேரில் கேலி செய்கிறவன் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் சிரிக்கிறவர்கள். சிரிக்கிறவர்கள் இல்லாவிட்டால் கேலி செய்கிறவன் பைத்தியக்காரன்போல் தனியே நிற்பான். நீங்கள் பெரிய வீரமொன்றும் காட்ட வேண்டாம். யாரையும் அடிக்க வேண்டாம். அந்தப் பெண்ணுக்குக் காவலாக நிற்கிறோம் என்று பின்னால் போகவும் வேண்டாம். அதுவும் அவளுக்குத் தொந்தரவே. சிரிக்காமல் இருங்கள், அது போதும். முடியுமானால் ஒரு வார்த்தை, "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தச் சாப்பாட்டு ஹாலில் ஒரே ஒரு பையன் தன் கரண்டியைக் கீழே வைத்திருந்தால், அந்தப் பெண் இன்று மிஷினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டாள். அதைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்றைக்கு இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருவீர்கள். உங்கள் மகனும் பக்கத்தில் உட்காருவான். இந்தச் சங்கதியை அவனிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். அவன் சிரிக்கிறானா, தலை குனிகிறானா என்பதை வைத்து, நாம் இத்தனை வருஷம் பேசின பேச்சுக்குப் பலன் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.